கதவைப் பற்றி எழுதிய மாதம்

பெயர் அட்டையில் சொந்தப் பெயர் இல்லை. "தொட்டில் அக்கா" என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். அப்படித்தான் போட வேண்டும் என்று அவளே எழுதிக் கேட்டிருந்தாள். பதிவு மேசையில் இருந்த பெண் அட்டையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், மறுபடி அட்டையைப் பார்த்தாள்.

"ஐயோ, நீங்கதானா அது! நல்லா வயசான அம்மாவா இருப்பீங்கன்னு நெனச்சிருந்தேன்."

"வயசாகிக்கிட்டேதான் இருக்கு. சாயம் காப்பாத்துது."

அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அட்டையின் அடியில் ஒரு பச்சை ரிப்பனை ஒட்டிக் கொடுத்தாள். கிறிஸ்தவ எழுத்தாளர்கள் ஆண்டுக்கொரு முறை கூடும் இரண்டு நாள் மாநாடு அது. யார் எதைப் பற்றி எழுதுகிறவர் என்பதை ரிப்பன் சொல்லிவிடும். சிறுவர் கதைக்காரர்களுக்கு நீலம், மிஷனரி ஊழியர்களின் வரலாறு எழுதுகிறவர்களுக்கு மஞ்சள், தத்தெடுப்பு பற்றி எழுதுகிறவர்களுக்கும் அதை அச்சில் கொண்டுவரும் பதிப்பாசிரியர்களுக்கும் பச்சை. எழுதுகிறவர்களில் பாதிப் பேருக்கு நாலு பேர் நடுவில் பேச்சு வராது. தேநீர் இடைவேளையில் சுவரோடு ஒட்டி நிற்காமல், தன் நிறத்தைத் தேடிப் போய்ச் சேர்ந்துகொள்ளட்டும் என்று எவரோ நல்ல மனசுக்காரர் கண்டுபிடித்த ஏற்பாடு.

மாடிப்படி ஏறுவதற்குள் மூன்று பச்சை ரிப்பன்கள் அவளை மடக்கிவிட்டன. ஒரு வயதான அம்மா அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"தம்பி எப்படி இருக்கான்? தினமும் ஜெபத்துல வெச்சிருக்கோம்."

"நல்லா இருக்கான்."

"இப்ப என்ன படிக்கிறான்?"

"மூணாவது."

நன்றாக இருக்கிறானா என்பது அவளுக்குத் தெரியாது. மூன்றாம் வகுப்பு என்பது வயதை வைத்துப் போட்ட கணக்கு. அவன் அவள் வீட்டில் இல்லை. பதினான்கு மாதங்களாக இல்லை.

அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். வந்து சேரும் வில்லைகளை மருத்துவர் சீட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கிற வேலை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் பிள்ளை இல்லை. அந்தக் காலத்தில் ஒரு கிறிஸ்தவப் பத்திரிகையில் 'காலித் தொட்டில்' என்று மாதம் ஒரு பத்தி எழுதத் தொடங்கினாள். பிறகு ஒரு குழந்தைகள் இல்லத்திலிருந்து ஆறு வயதுப் பையன் ஒருவன் வந்தான். தொட்டிலில் கால் நீட்ட முடியாத பிள்ளை. பத்தியின் தலைப்பு மட்டும் மாறவில்லை. பையன் பெயரோ படமோ அடையாளமோ வெளியே போகக் கூடாது என்பது இல்லத்தின் கண்டிப்பான விதி. அதனால் அவள் புனைபெயரில் எழுதினாள், பத்தியில் அவனைச் 'சின்னவன்' என்றாள். அவள் எழுதுவது இல்லத்துக்கும் தெரியாது, அவளுடைய சபைக்கும் தெரியாது.

நீதிமன்ற உத்தரவு வருவதற்கு முன்பு ஒரு வருடம் பிள்ளையை வீட்டில் வைத்துப் பழக வேண்டும். பத்தாவது மாதத்தில் அவர்கள் அவனைத் திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். அப்போது அடுத்த இரண்டு மாதத்துக்கான பத்திகள் பத்திரிகையின் கையில் இருந்தன. அவை வந்தன. கடிதங்களும் வந்தன. நிறுத்துவது எப்படி என்று தெரியாமல் மூன்றாவதை எழுதினாள். அப்படியே ஆறு. கடைசிப் பத்தியில் நீதிமன்ற உத்தரவும் வந்துவிட்டது. நீதிபதி தன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துச் சின்னவனுக்குக் கொடுத்தார். அந்தப் பேனாவுக்கு மட்டும் நாற்பது கடிதம். ஒரு பதிப்பகத்தின் பதிப்பாசிரியரும் எழுதியிருந்தார்: புத்தகமாகப் போடலாம், மாநாட்டுக்கு வாருங்கள், மூன்று மணிக்கு உங்களுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறேன், ஒப்பந்தத்தோடு வருகிறேன்.

அவள் கணவர் லிப்ட் பழுதுபார்க்கிறவர். அதிகம் பேசமாட்டார். காலையில் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே ஒன்று சொன்னார்.

"புத்தகம் வரட்டும். ஆனா அவனுக்குப் படிக்கத் தெரியும், மறந்துடாதே."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு பேருந்தில் ஒன்றரை மணி நேரம் அவளுக்கு வெளியே பார்க்கத் தோன்றவில்லை.

உணவுக்கூடத்தில் ஜன்னலோரம் பச்சை ரிப்பன்காரர்களின் மேசை. அதை ஆள்பவர் நோட்டு அம்மா. நான்கு பிள்ளைகளைத் தத்தெடுத்து, மூன்று புத்தகம் எழுதியவர். கையில் எப்போதும் ஒரு சுருள் கம்பி நோட்டு. எந்தப் பதிப்பாசிரியருக்கு என்ன தேவை, எந்த எழுத்தாளரிடம் என்ன கையிருப்பு, யார் யாரோடு பேச வேண்டும், எல்லாம் அதில் இருக்கும்.

"கர்த்தருக்கு அடுத்தபடியா உங்க எல்லாரையும் பத்தி எனக்குத்தான் தெரியும்," என்றார் அவர், தொட்டில் அக்காவை ஒரு நாற்காலியில் அழுத்தி உட்காரவைத்து. "மூணு மணிக்குத்தானே உனக்கு? அந்த மனுஷன்கிட்ட மூச்சு விடாம பேசிடாதே. கதவு அத்தியாயத்தைப் பத்திச் சொல்லு. அவருக்கு அதுதான் உயிர். இப்ப இந்த ரெண்டு பேரையும் பாரு. உன்னைப் பார்க்கவே வந்திருக்காங்க."

இரண்டு பேரும் இளசு. அந்தப் பெண் மழலையர் பள்ளி டீச்சர், குட்டிக் கதைகள் எழுதுகிறாள். கணவன் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவன். எழுத்துக்கும் தனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று அவன் முகத்திலேயே எழுதியிருந்தது. நோட்டு அம்மா அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

"அக்கா, உங்களை ஒரு தடவை கட்டிப் பிடிச்சுக்கலாமா?" என்றாள் டீச்சர். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"எங்க வீட்டுல நீங்கதான் ரெண்டாவது மாமியார்," என்றான் எக்ஸ்ரே தம்பி. "உப்புப் போடறதுக்கு மட்டும்தான் உங்களைக் கேக்கறதில்ல. மத்த எல்லாத்துக்கும் 'தொட்டில் அக்கா என்ன சொல்லியிருக்காங்க'தான். முதல் மாமியார் படுக்கையில இருந்தபடி சிரிக்கிறாங்க."

"இவங்க அம்மாவுக்குப் பக்கவாதம்," என்று டீச்சர் விளக்கினாள். "பேச்சு நல்லாத்தான் இருக்கு. எழுந்திருக்கத்தான் முடியாது. சும்மா இருங்க நீங்க, விஷயத்தைச் சொல்ல விடுங்க. அக்கா, சனிக்கிழமை எங்க பையன் வர்றான்!"

"சந்தோஷம். எத்தனை வயசு?"

"எட்டு. பெரிய பையனா எடுக்கறியே, பயமில்லையான்னு என் அண்ணிகூடக் கேட்டாங்க. உங்க பத்தியை நீட்டிட்டேன். ஆறு வயசுப் பிள்ளையை அவங்க வளர்க்கலையான்னு கேட்டேன். வாயை மூடிக்கிட்டாங்க." அவள் நாற்காலியை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டாள். "பேரைச் சொல்லக் கூடாதாம். ஆனா இல்லத்துல எல்லாரும் அவனைப் பொத்தான்னுதான் கூப்பிடறாங்க. சட்டையிலேருந்து ஒரு பொத்தானைப் பிச்சுக் கையில வெச்சுக்கிட்டாத்தான் படுப்பானாம்."

தொட்டில் அக்கா ஒரு பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தாள். அது பாதியில் உடைந்து அடியில் போய்விட்டது. கையில் மீந்த பாதியை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பத்து மாதத்தில் அவள் பொத்தான் தைக்காத ஞாயிற்றுக்கிழமை இல்லை. அடையாளம் தெரிந்துவிடும் என்று பத்தியில் அதைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை.

டீச்சர் கைபேசியில் படத்தைக் காட்டினாள். வளர்ந்திருந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. வலது புருவத்தின் நடுவில் முடி முளைக்காத ஒரு கோடு.

"விளையாடும்போது விழுந்ததாம்," என்றாள் டீச்சர். "ஏற்கெனவே ஒரு வீட்டுக்குப் போயிருக்கான் அக்கா. பத்து மாசம் வெச்சிருந்துட்டுக் கொண்டுவந்து விட்டுட்டாங்களாம். செருப்பு அளவு சரியில்லைன்னு கடையில மாத்திட்டு வர்ற மாதிரி. எப்படித்தான் மனசு வந்துச்சோ, பாவிங்க. அவங்களுக்கெல்லாம் ராத்திரி தூக்கம் வருமா?"

"வரும்மா," என்றாள் அவள். "தூக்கம் வரத்தான் செய்யும்."

டீச்சர் அதை ஞானமான பதிலாக எடுத்துக்கொண்டு தலையாட்டினாள். பிறகு பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். உள்ளே பத்திகளின் நகல்கள். வரிக்கு வரி கலர் பென்சில் கோடு.

"எல்லாம் தயார் பண்ணியாச்சு. அவன் அறைக்கு வெறும் திரைதான் இருந்துச்சு. போன வாரம் தச்சரைக் கூப்பிட்டுக் கதவு போட்டோம். கதவைப் பத்தி எழுதின மாசத்துப் பத்தி எனக்கு மனப்பாடம். சொல்லட்டுமா?" கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "'மூன்றாம் இரவு அவன் தூங்கினான். கதவுக்கு அந்தப் பக்கம் அவன் இருந்தான். இந்தப் பக்கம் நான் முழங்காலில் இருந்தேன். நடுவில் ஆண்டவர் இருந்தார்.'"

"வெளிப்பக்கம் தாழ்ப்பாள் வெச்சுட்டேன்," என்றான் எக்ஸ்ரே தம்பி. "பத்தியில தாழ்ப்பாள்னு எழுதல. ஆனா தாழ்ப்பாள் இல்லாம அவன் எப்படி உள்ளேயே இருப்பான்? இவ ஒத்துக்கல. நீங்களே சொல்லுங்க அக்கா, இருந்துச்சுதானே?"

இருந்தது. தம்பி சரியாகத்தான் ஊகித்திருந்தான்.

இருந்தது ஒரு இரும்புத் தாழ்ப்பாள். பையன் இரவில் தூங்கமாட்டான். அவர்கள் கட்டிலருகே வந்து நிற்பான். அழமாட்டான், கூப்பிடமாட்டான், நிற்பான். கண்ணை விழித்தால் இருட்டில் ஒரு உருவம். மூன்றாவது மாதத்தில் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. தனியே தூங்கப் பழக்க வேண்டும் என்று கதவைச் சாத்தித் தாழ்போட்டு, வெளியே முழங்கால் போட்டு ஜெபித்தாள். முதல் இரவு அவன் கையால் தட்டினான். இரண்டாம் இரவு தலையால். புருவம் பிளந்து மூன்று தையல் போட்டார்கள். மூன்றாம் இரவு சத்தமே இல்லை. காலையில் திறந்தபோது சுவரில் சாய்ந்து, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலேயே ஈரம் பண்ணியிருந்தான். அந்த வாரம்தான் பத்தி அனுப்ப வேண்டிய கடைசி நாள். கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், வில்லைச் சீட்டின் பின்பக்கத்தில், "மூன்றாம் இரவு அவன் தூங்கினான்" என்று எழுதினாள். அந்த வரி நன்றாக வந்துவிட்டது. நன்றாக வந்த வரியை அடிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

இல்லம் அவனைப் பற்றி ஒரு கோப்பு கொடுத்திருந்தது. கோப்பைப் படித்துவிட்டுப் பிள்ளையைப் பார்த்தால் பிள்ளை தெரியாது, கோப்புதான் தெரியும் என்று அவள் முதல் பத்தியிலேயே பெருமையாக எழுதியவள். ஐந்தாவது மாதம் தடுப்பூசித் தேதி பார்ப்பதற்காகத் திறந்தாள். நாலாம் பக்கத்தில் இருந்தது: நாலு வயதில் அவனைப் பூட்டிய அறை ஒன்றிலிருந்துதான் மீட்டிருந்தார்கள்.

"அஞ்சு நாள் லீவு போட்டிருக்கேன்," என்று டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தாள். "உங்களுக்கு மூணு ராத்திரி ஆச்சு. எனக்கு அஞ்சு ஆகட்டும்."

தொட்டில் அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டே கால். இன்னும் முக்கால் மணி நேரம் வாயைத் திறக்காமல் இருந்தால் ஒப்பந்தம் கைக்கு வந்துவிடும். சனிக்கிழமை இரவு ஒரு புதுக் கதவும் சாத்தப்படும். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். டீச்சர் அதையும் ஜெபம் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கதவை மூடாதீங்க," என்றாள்.

"என்னக்கா?"

"திறந்தே வெச்சிடுங்க. கழட்டிப் போட்டுட்டாலும் நல்லதுதான்."

டீச்சர் சிரித்தாள். "தச்சர் என்னை அடிக்க வருவார். எழுதறப்ப ஒண்ணு, நேர்ல ஒண்ணா?"

"பிள்ளைக்குப் பிள்ளை மாறும் இல்லையா?"

"மாறாதுக்கா. உங்க சின்னவனைப் படிக்கப் படிக்க இவனையே பார்த்த மாதிரி இருந்துச்சு. நீங்க வாயால சொல்றதைவிட எழுதினதைத்தான் நான் நம்புவேன். போங்க."

"அந்தப் புருவத்துல மூணு தையல்," என்றாள் அவள். "அவன் விளையாடி விழல. எங்க வீட்டுக் கதவுல மோதிக்கிட்டான். இரண்டாவது ராத்திரி."

மேசையில் மற்றவர்கள் எழுந்து போய்விட்டிருந்தார்கள். பக்கத்து மேசையில் யாரோ ஒரு நீல ரிப்பன்காரர் தன் யானைக் கதையை ஒரு பதிப்பாசிரியரிடம் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் குரலை உயர்த்தாமல் எல்லாவற்றையும் சொன்னாள். தாழ்ப்பாள், கோப்பு, நாலாம் பக்கம். டீச்சர் பத்திகளை உறைக்குள் திரும்ப வைத்தாள். ஒரு நகல் மடங்கிக்கொண்டு உள்ளே போக மறுத்தது. அதையே திரும்பத் திரும்ப நீவினாள்.

"அந்தப் பத்து மாச வீடு..."

"எங்க வீடுதான்."

"நீதிபதி? பேனா?"

"அதெல்லாம் எழுதினது."

கடைசியில் வாயைத் திறந்தது எக்ஸ்ரே தம்பி. அவன் குரலில் கோபம் இல்லை. எலும்பு எங்கே உடைந்திருக்கிறது என்று பார்த்துவிட்ட ஆளின் நிதானம் இருந்தது.

"சரி, அப்ப கதவைக் கழட்டிடலாம். நாலு திருகாணிதானே. போன உடனே கழட்டிடறேன்." மனைவியின் தோளைத் தொட்டான். "அழாதே. நல்லவேளை சனிக்கிழமைக்கு முன்னாடி தெரிஞ்சுது. கட்டிலுகிட்ட வந்து நின்னா நிக்கட்டும். நடுவுல படுக்க வெச்சுக்குவோம்."

அங்கே நிறுத்தியிருக்கலாம். பையனுக்கு வீடு இருந்தது. கதவும் போய்விட்டது. அவள் எழுந்து, மன்னித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

ஆனால் டீச்சர் முகத்தை நிமிர்த்தி அவளைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் முன்பு கட்டிப் பிடித்தவளின் கண்கள் இல்லை அவை.

"தப்பு பண்ணினது நீங்க. அப்புறம் ஏன் அவனைக் கொண்டுபோய் விட்டீங்க?"

பாவிங்க என்று அவள் சொன்னது தொட்டில் அக்காவின் காதில் இன்னும் நின்றுகொண்டிருந்தது. கதவைப் பற்றிச் சொன்னது பையனுக்காக. அதன் பிறகு சொன்னது அவளுக்காக. அந்த வித்தியாசம் சொல்லும்போது அவளுக்குத் தெரியவில்லை.

"சும்மா விடலம்மா," என்றாள். "ஒருநாள் நான் குளிக்கப் போனேன். வெளியே தாழ் போட்டுட்டான். இவர் வேலைக்குப் போயிட்டார். எனக்கு மூச்சு இழுப்பு உண்டு, இன்ஹேலர் வெளியே இருக்கு. கத்தினேன், கெஞ்சினேன். மூணு மணி நேரம். அவன் எங்கேயும் போகல. கதவுக்கு வெளியேதான் இருந்தான். முழங்கால் போட்டு ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தான். நான் சொல்ற அதே வார்த்தை, என் குரல் மாதிரியே. இவர் சாப்பிட வந்து திறக்கும்போது நான் தரையில கிடந்தேன். அவனைப் பார்க்கவே எனக்கு நடுங்கிச்சு. அதுக்கு மேல அந்த வீட்டுல நான் எப்படி..."

எக்ஸ்ரே தம்பி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

"மூணு மணி நேரமா?"

"ஒரே ஒரு தடவைதான்."

அவன் மனைவியைப் பார்த்தான். மனைவி அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு படுக்கையும், அதில் எழுந்திருக்க முடியாத ஓர் அம்மாவும், ஆளில்லாத மத்தியான நேரமும் வந்து போயின.

"பன்னண்டுலேருந்து நாலு வரைக்கும் அம்மா தனியாத்தான் இருப்பாங்க," என்றான் அவன், யாரிடமும் சொல்லாத மாதிரி.

"ஏழு வயசுப் பிள்ளை தம்பி அவன். நான் அவனுக்குச் செஞ்சதைத்தான் எனக்குச் செஞ்சான். வேற யாருக்கும் செய்யமாட்டான். கோபம் என் மேலதான். பெரியவங்ககிட்ட ரொம்பப் பிரியமா இருப்பான். எங்க கீழ் வீட்டுத் தாத்தாவுக்குத் தினமும் செய்தித்தாள்..." வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. இவை ஒன்றையும் அவள் பத்தியில் எழுதியிருக்கவில்லை. இப்போது எல்லாம் கட்டிச் சொல்கிற கதை போலவே கேட்டன, அவளுக்கே.

டீச்சர் உறையைப் பைக்குள் போட்டாள். எக்ஸ்ரே தம்பி நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளினான். மரியாதையான பையன்.

"ஜெபிச்சுப் பார்க்கறோம் அக்கா," என்றான்.

இங்கே இருக்கிற எல்லோருக்கும் அந்த வார்த்தையின் பொருள் தெரியும். வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் அதைச் சொல்வார்கள். அவளும் இல்லத்தில் அதைத்தான் சொன்னாள், அவனைக் கொண்டுபோய் விடுவதற்கு ஒரு வாரம் முன்பு.

மூன்று மணிக்குப் பதிப்பாசிரியரின் மேசை. ஒவ்வொருவருக்கும் பதினைந்து நிமிடம். முடிந்ததும் ஒருவர் மணியை ஆட்டுவார். பதிப்பாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இடது வில்லை சட்டத்தில் தளர்ந்து கொஞ்சம் திரும்பியிருந்தது அவள் கண்ணில் பட்டது. எழுத்து அவருக்கு இரண்டிரண்டாகத் தெரியும், தலை வலிக்கும். வாயில் முதலில் வந்தது அதுதான், சொல்லவில்லை.

"கதவு அத்தியாயம், சிஸ்டர்! பேருந்துல படிச்சேன், இறங்க வேண்டிய இடத்தை விட்டுட்டேன்."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டாம் முறை சொல்வதால் எது எங்கே வர வேண்டும் என்று நாக்குக்குப் பழகியிருந்தது. அது அவளுக்கே அருவருப்பாக இருந்தது. எழுந்து போகச் சொல்வார் என்று எதிர்பார்த்தாள். அவர் கன்னத்தில் கை வைத்தபடி கேட்டார். கேட்டு முடித்ததும் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இதுதான் புத்தகம்," என்றார்.

"எது?"

"நீங்க இப்பச் சொன்னீங்களே, இது. நல்லபடியா முடியற தத்தெடுப்புக் கதை என் அலமாரியில பதினொண்ணு இருக்கு. இந்த மாதிரி ஒண்ணு இல்ல. யாருக்கும் எழுதத் தைரியம் இல்ல. குளியலறையை நடுவுல வெச்சுக்கலாம். முடிவுல மட்டும் கொஞ்சம் வெளிச்சம் வேணும். அந்த இளம் ஜோடி பையனைக் கூட்டிட்டுப் போனா, அதுவே முடிவு."

"அவங்க கூட்டிட்டுப் போகமாட்டாங்க."

"அப்படியா?" கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் உடனே சமாளித்துக்கொண்டார். "பரவாயில்ல. மனந்திரும்புதல்ல முடிச்சுக்கலாம்."

"யாரோட மனந்திரும்புதல்?"

"உங்களோடதுதான் சிஸ்டர்."

ஒப்பந்தத் தாளில் கைப்பிரதி தர வேண்டிய தேதியை அடித்து, ஆறு மாதம் தள்ளிப் போட்டு, ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்து அவள் பக்கம் நகர்த்தினார். கெட்ட மனிதர் இல்லை. அவள் கண் கலங்கியதைப் பார்த்துத் தன் கைக்குட்டையைக்கூட எடுத்து நீட்டினார். மணி அடித்தது. அவள் கையெழுத்துப் போடவில்லை. போடமாட்டேன் என்றும் சொல்லவில்லை. தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

படிக்கட்டுத் திருப்பத்தில் ஆள் இல்லை. இல்லத்தின் எண்ணைக் கைபேசியிலிருந்து எப்போதோ அழித்துவிட்டிருந்தாள். விரலுக்கு அது மறக்கவில்லை. விடுதியைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவே எடுத்தார்.

"நான்தாம்மா. பொத்தான் முன்னாடி இருந்த வீடு."

அந்தப் பக்கம் ரிசீவரைக் கையால் மூடும் சத்தம் கேட்டது.

"சொல்லுங்க. மெதுவாப் பேசுங்க, பக்கத்துலயே நிக்கிறான்."

"சனிக்கிழமை அவனைக் கூட்டிட்டுப் போறதா இருந்தவங்க..."

"கால் மணி நேரத்துக்கு முன்னாடி கூப்பிட்டாங்க. வரலையாம். பாட்டிக்கு உடம்பு சரியில்லையாம். நேத்து வரைக்கும் சரியாத்தான் இருந்தாங்க." விடுதி அம்மா பெருமூச்சு விட்டார். "இவன்கிட்ட இன்னும் சொல்லல. பையைக் கட்டி வெச்சு மூணு நாளாச்சு. போன் அடிச்சா போதும், ஓடி வந்துடறான். நீங்க எதுக்குக் கூப்பிட்டீங்க?"

எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்வதற்காக இருக்கலாம். அந்த வாக்கியத்தை எடுத்துப் பார்த்தாள். அது எழுதினால் நன்றாக வரும் வாக்கியம் என்று உடனே தெரிந்துவிட்டது. அதனாலேயே பயமாக இருந்தது. வேறொன்றைச் சொன்னாள்.

"ராத்திரி அவன் அறைக் கதவை மூடாதீங்க. அதைத்தான் சொல்லணும்னு..."

"இங்க கதவு ஏதும்மா?" என்றார் விடுதி அம்மா. குத்திக்காட்டும் குரலில் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "முப்பத்திரண்டு பசங்க, ஒரே ஹால்."

பிறகு அந்தப் பக்கம் குரல் கொஞ்சம் விலகிப் போனது. பின்னால், தெளிவாக, இன்னொரு குரல் கேட்டது. பதினான்கு மாதத்தில் அது கொஞ்சம் கனத்திருந்தது.

"அவங்களா?"

"இல்லடா," என்றார் விடுதி அம்மா. "ராங் நம்பர். போய் விளையாடு, போ."